கை தூக்க முடியாத அக்காவும் கலங்கிய படமும்: ஓர் இதய ஸ்கேன் நிகழ்வு ஆய்வு

மதுரையில் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் 14 ஆண்டுகளாகக் கேமரா ஓட்டுகிறேன். டெக்னாலஜிஸ்ட் வேலை. சொந்த ஊர் மண்டபம் பக்கம். நான் எடுத்த ஒரு இதய ஸ்கேன் தப்பாகிப் போனதையும், அதைத் திரும்ப எடுத்தபோது என்ன தெரிந்தது என்பதையும் இங்கே எழுதுகிறேன். நோயாளியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

56 வயது, 47 கிலோ. பாம்பனை ஒட்டிய குடியிருப்பு. சின்ன வயதிலிருந்தே கடற்பாசி எடுக்கப் போகிறவர். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, பாதத்தில் தகடு கட்டிக்கொண்டு, இடுப்பில் பையோடு மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்தெடுக்கிற வேலை. அதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கடினம் தெரியும். இந்த வேலை செய்கிறவருக்கு மூச்சு வாங்குகிறது என்றால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓர் ஆண்டாகவே முன்பு போல் முங்க முடியவில்லை என்றார். நனைந்த பாசி மூட்டையை வல்லத்தில் ஏற்றும்போது நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குமாம். வலி என்று சொல்லவில்லை.

சர்க்கரை 11 ஆண்டுகளாக இருக்கிறது. அந்தச் சர்க்கரையோடு சேர்ந்து வந்ததுதான் இடது தோள் இறுக்கம். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் மூட்டு இப்படி உறைந்துபோவது மற்றவர்களைவிட அதிகம். கையை முன்பக்கமாகத் தோள் உயரத்துக்குக்கூடக் கொண்டுவர முடியாத நிலை. இந்தத் தோளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க இதைச் சுற்றித்தான்.

இராமநாதபுரத்தில் பார்த்த இதய மருத்துவர் எக்கோ எடுத்தார். இடது கீழறை சின்னது, சுவர் 9 மி.மீ., எல்லாச் சுவரும் நன்றாகச் சுருங்குகிறது, ஈ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 62 சதவீதம். ஈ.சி.ஜி.யில் குறிப்பாகச் சொல்ல ஏதுமில்லை. ஹீமோகுளோபின் 9.1, அதற்கு இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிவிட்டார். முட்டி வலியால் ட்ரெட்மில்லில் நடக்க முடியவில்லை. அதனால், நடைக்குப் பதிலாக இதய ரத்தக்குழாய்களை விரியவைக்கும் அடினோசின் மருந்தைக் கொடுத்து எடுக்கும் ரத்த ஓட்ட ஸ்கேனுக்கு எங்களிடம் அனுப்பினார்.

முதல் ஸ்கேன்

ஆடி மாதம். பாம்பனிலிருந்து மதுரை ஏறத்தாழ 160 கி.மீ. விடியுமுன் பஸ் ஏறி மகளோடு வந்திருந்தார். காப்பி, டீ குடித்தீர்களா என்று முதலில் கேட்டேன். காபீன் உள்ளே இருந்தால் அடினோசின் வேலை செய்யாது. "கருப்பட்டிக் காப்பி இல்லாம எனக்கு விடியவே விடியாது தம்பி. நேத்துல இருந்து தொடல" என்றார். பேச்சு வழக்கைக் கேட்டதும் நானும் ஊரைச் சொன்னேன். அப்புறம் நான் அவருக்குத் தம்பி, அவர் எனக்கு அக்கா.

ஊசி மருந்து டெக்னீசியம் 99எம் செஸ்டாமிபி. ரத்த ஓட்டம் எவ்வளவு போகிறதோ அந்த அளவுக்கு இதயத் தசையில் போய் ஒட்டிக்கொள்ளும். அரை ஆயுள் 6 மணி நேரம். 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிரை வெளியே விடும், அதைக் கேமரா பிடிக்கும். ஓய்வில் ஒரு படம், அடினோசின் கொடுத்தபின் ஒரு படம். ஓய்வில் நன்றாக இருந்து, அடினோசினுக்குப் பின் ஓர் இடம் மங்கினால் அந்த இடத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். இரண்டிலும் மங்கலாக இருந்தால் அங்கே தசை செத்த தழும்பாக இருக்கலாம். இரண்டு இடத்திலும் 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன்.

இந்தப் படத்துக்கு நோயாளி மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும். அக்காவால் இடது கையை வைக்க முடியவில்லை. இரண்டு முறை முயன்றார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு வரிசையில் ஆட்கள் நிறைய. "சரிக்கா, கை பக்கத்துலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். கை பக்கவாட்டில் இருந்தால் முழங்கை துருத்தும், கேமரா தலை அதில் இடிக்கக் கூடாது. அதனால் சுற்றுப் பாதையின் ஆரத்தை 27 செ.மீ.க்குத் தள்ளி வைத்தேன். அவ்வளவு ஒல்லியான உடம்புக்குச் சாதாரணமாக 18, 19 போதும். அந்த 8 செ.மீ. என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

ஓய்வுப் படம் முடிந்தது. பிற்பகல் அடினோசின், கிலோவுக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம், 6 நிமிடம். முகம் சிவந்து, நெஞ்சு பிசைகிற மாதிரி இருக்கிறது என்றார், நிறுத்தியதும் ஒன்றிரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது. பிறகு படம். இந்தமுறை களைப்பில் இடது கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். முழங்கை கொஞ்சம் முன்னால் வந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

படத்தில் இதயத்தின் பக்கச் சுவர் மங்கியிருந்தது. ஓய்வில் கொஞ்சம், அடினோசினுக்குப் பின் நிறைய. இதயத்தை 17 கண்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவது வழக்கம், 0 என்றால் இயல்பு. மொத்தம் 68க்கு ஓய்வில் 4, அடினோசினில் 9. அதாவது இதயத்தின் 13 சதவீதப் பரப்பில் குறை. துடிப்போடு சேர்த்து எடுத்த கணக்கில் ஈ.எஃப். 86 சதவீதம், சுருங்கியபின் மீதமிருக்கும் ரத்தம் 7 மி.லி. பக்கச் சுவரில் ரத்தக் குறைவு, ஆஞ்சியோ பார்க்கலாம் என்று ரிப்போர்ட் போனது.

சந்தேகம்

மூன்றாம் நாள் இராமநாதபுரத்து மருத்துவர் எங்கள் மூத்த மருத்துவரைக் கூப்பிட்டார். எக்கோவில் அந்தப் பக்கச் சுவர் அவ்வளவு நன்றாக ஆடுகிறது, ஓய்விலேயே மங்கல் என்றால் எப்படி என்று கேட்டார். நியாயமான கேள்வி. தழும்பு விழுந்த சுவர் அப்படிச் சுருங்காது. எங்கள் படத்திலேயே அந்தச் சுவர் ஒவ்வொரு துடிப்பிலும் பளிச்சென்று தடித்துத்தான் இருந்தது.

மூத்த மருத்துவர் என்னை அழைத்து, கணினி கட்டிய வண்ணப் படத்தை மூடிவிட்டு, கேமரா பிடித்த மூலப் படங்களைச் சினிமா மாதிரி ஓட்டச் சொன்னார். வலது முன்பக்கத்தில் தொடங்கி இடது பின்பக்கம் வரை 180 டிகிரி, 64 நிறுத்தங்கள். முதல் பாதியில் இதயம் ஒரு சின்ன வெளிச்ச வளையமாகத் தெரிந்தது. இடது பக்கவாட்டுக்குக் கேமரா வந்ததும் ஒரு கறுப்பு நிழல் மேலிருந்து இறங்கி அந்த வளையத்தின் மேல் விழுந்தது. அது அக்காவின் கை. அடினோசின் படத்தில் அந்த நிழல் இன்னும் முன்னே வந்து, வளையத்தின் பாதியை மூடியது. கை நகர்ந்ததைத்தான் நாங்கள் ரத்தக் குறைவு என்று எழுதியிருந்தோம். அந்த ஓட்டத்தை நான்கைந்து முறை பார்த்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிழல் ஒரு பாதி. மீதிப் பாதி அந்த 27 செ.மீ.

தூரம் என்ன செய்கிறது

காமா கதிரை லென்ஸ் வைத்துக் குவிக்க முடியாது. 1950களின் இறுதியில் பெர்க்லியில் ஹால் ஆங்கர் செய்த கேமராவின் அடிப்படையில்தான் இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்கள் ஓடுகின்றன: கதிர் பட்டால் மின்னும் சோடியம் அயோடைடு படிகம், மின்னலைப் பிடிக்கும் குழாய்கள், முன்னால் ஒரு ஈயத் தட்டு. அந்தத் தட்டுதான் கொலிமேட்டர். தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான நுண்துளைகள். நேராக வரும் கதிரை மட்டும் உள்ளே விட்டு, சாய்ந்து வருவதை ஈயம் விழுங்கும். வருகிற கதிரில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டுதான் உள்ளே போய்ச் சேரும்.

துளை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதற்கு ஓர் அகலம் உண்டு. அதன் வழியே பார்க்கும் பரப்பு தூரம் போகப் போகப் புனல் மாதிரி விரியும். துளையின் அகலத்தை எடுத்து, துளையின் நீளத்தையும் இதயம் இருக்கும் தூரத்தையும் கூட்டி வரும் தொகையால் பெருக்கி, துளையின் நீளத்தால் வகுத்தால் மங்கலின் அளவு கிடைக்கும். எங்கள் தட்டில் துளை 1.1 மி.மீ., நீளம் 24 மி.மீ. படிகத்தின் சொந்த மங்கல் ஏறத்தாழ 4 மி.மீ.யையும் சேர்த்தால், 10 செ.மீ. தூரத்தில் 7 மி.மீ., 20 செ.மீ.யில் 11, 27 செ.மீ.யில் 14. பிரிதிறன் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இந்த அளவைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் படத்தில் ஒன்றாகிவிடும். கேமரா வாங்கும்போது கொடுக்கும் தாளில் 10 செ.மீ. எண்தான் பெரிதாக அச்சாகியிருக்கும். எந்த மனிதரின் இதயமும் எல்லாக் கோணத்திலும் 10 செ.மீ.யில் வந்து நிற்பதில்லை.

அக்காவின் இதயச் சுவர் 9 மி.மீ. மங்கல் 14. சுவரைவிட மங்கல் பெரிது. சுவரின் வெளிச்சம் இரண்டு பக்கமும் கசிந்து, இருக்கிறதைவிடக் குறைவாகத் தெரியும். எதிரெதிர்ச் சுவர்களின் கசிவு நடுக்குழியில் கலந்து, குழியே இல்லாத மாதிரி ஆகிவிடும். சின்ன இதயத்தில் இது மிக மோசம். சுருங்கும்போது குழி காணாமல் போவதால்தான் 7 மி.லி. என்றும் 86 சதவீதம் என்றும் கணினி கணக்குச் சொன்னது. எக்கோவில் 62 இருக்கும்போது அந்த 86ஐப் பார்த்த உடனேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நம் பக்கத்துப் பெண்கள் பலருக்கு இதயம் சின்னதுதான். இந்த மாதிரி எண் வருவது எங்கள் அறையில் அபூர்வமே இல்லை, அதனாலேயே அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டோம்.

அக்காவுக்கும் மகளுக்கும் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. மருத்துவர் கூப்பிட்டுப் பேசினார், பிறகு நானும் பேசினேன். படம் எடுத்ததில் என் பிழை இருக்கிறது, கையும் தூரமும் சேர்ந்து கெடுத்துவிட்டன என்றேன். போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "கச்சான் அடிக்கையில தென்கடல் கலங்கிக் கெடக்கும் தம்பி. மேல நின்னு பாத்தா கல்லும் பாசியும் ஒண்ணாத்தான் தெரியும். மூஞ்சி தரையில முட்டுற அளவுக்குப் போனாத்தான் எது மரிக்கொழுந்து, எது கட்டக்கோரைன்னு கண்டுக்க முடியும். நீங்க மேல நின்னு பாத்துட்டீங்க போல." (கச்சான் என்பது தென்மேற்குக் காற்று. மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் பாசி வகைகள்.) பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இப்போது நான் கொலிமேட்டரை இப்படித்தான் விளக்குகிறேன்.

மகளுக்கு வேறு கவலை. ஆஞ்சியோவுக்கென்று நகையை அடகு வைக்கப் பேசி வைத்திருந்தார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல முடிந்தது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

இரண்டாம் ஸ்கேன்

உடனே எடுக்கவில்லை. திரும்ப எடுப்பதென்றால் திரும்பக் கதிர்வீச்சு. இரண்டு படமும் சேர்ந்தால் ஏறத்தாழ 10 மில்லிசீவர்ட், இயற்கையில் ஒருவர் நான்கு ஆண்டில் வாங்குகிற அளவு. ஆகவே இந்தமுறை பிழைக்கு இடமே வைக்கக் கூடாது. முதலில் தோள். ஆறு வாரம் பிசியோதெரபிக்கு அனுப்பினோம், ஊரிலேயே செய்துகொண்டார். வலி மாத்திரையோடு கை தலைக்குப் பக்கம் வரை வந்தது, ஆனால் 10 நிமிடத்துக்கு மேல் தாங்காது என்றார். நான் மெத்தைக் கடையில் கெட்டி ஸ்பாஞ்சு வாங்கி, அவர் கை நிற்கும் சாய்வுக்குச் சரியாக வெட்டி ஒரு தாங்கி செய்தேன். படுக்க வைத்துப் பார்த்து, இரண்டு முறை சீவி, மூன்றாம் முறைதான் முகம் சுளிக்காமல் படுத்தார்.

10 நிமிடம் என்பது எங்கள் வழக்கமான நேரத்தில் பாதி. நேரம் பாதியானால் கேமரா பிடிக்கும் எண்ணிக்கையும் பாதி, படம் புள்ளி புள்ளியாகும். அதை மழுப்ப வடிகட்டியைக் கூட்டினால் பிரிதிறன் போகும். இந்த இழுபறி எங்கள் வேலையில் தினமும் உண்டு. இங்கே கைகொடுத்தது புதிய கணக்கீட்டு முறை. எந்தக் கோணத்தில் கேமரா எவ்வளவு தூரத்தில் நின்றது, அந்தத் தூரத்தில் கொலிமேட்டர் எவ்வளவு மழுப்பும் என்பதை மென்பொருளுக்குள்ளேயே வைத்து, படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்திக் கட்டுவது. பாதி நேரத்தில் எடுத்ததையும் அது நன்றாகக் கட்டித் தரும். ஆனால் அளவுக்கு மீறித் திருத்தினால் விளிம்புகள் செயற்கையாகப் பளிச்சிடும். இயல்பிலேயே மெல்லியதான இதய முனை இன்னும் மெலிந்து, நோய் மாதிரித் தெரியும். ஆகவே முனையில் எதைப் பார்த்தாலும் நம்பாதே என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

ஆரம் 19 செ.மீ. உடம்பை ஒட்டியே வளைந்து போகும் பாதை. பிக்சலை 6.6 மி.மீ.யிலிருந்து 4.6க்குக் குறைத்தேன். பிரிதிறனைவிடப் பிக்சல் நன்றாகச் சின்னதாக இருக்க வேண்டும் என்பது பொது விதி, நெருங்கி எடுக்கிற படத்துக்கு 6.6 மிகப் பெரிது. ஊசிக்குப் பின் முழுதாக ஒரு மணி நேரம் விட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து எடுத்தேன். கல்லீரலிலும் குடலிலும் தங்கும் மருந்து கீழ்ச் சுவரின் மேல் கசிந்து ஏமாற்றும், அது கொஞ்சம் இறங்கட்டும் என்றுதான். முதலில் அடினோசின் படம் மட்டும். அது முழுதும் இயல்பாக இருந்தால் ஓய்வுப் படமே வேண்டாம், பாதிக்கு மேல் கதிர்வீச்சு மிச்சம்.

மல்லாந்து ஒரு படம். கொஞ்சம் ஓய்வுக்குப் பின் கவிழ்ந்து ஒரு சின்னப் படம்.

பக்கச் சுவர் நிரம்பியிருந்தது. ஒரு குறையும் இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் மருத்துவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கீழ்ச் சுவரின் நடுவில் ஒரு சின்ன மங்கல். முதல் படத்தில் அது இல்லை. சரியாகச் சொன்னால், 14 மி.மீ. மங்கலுக்குள் அக்கம்பக்கத்து வெளிச்சம் கசிந்து அதை மூடியிருந்தது. மல்லாந்த படத்தில் கீழ்ச் சுவர் மங்கினால் உதரவிதானத்தின் நிழலாக இருக்கலாம், கவிழ்ந்து எடுத்தால் அது பெரும்பாலும் விலகிவிடும். இது விலகவில்லை. முனையிலும் இல்லை, அதனால் மென்பொருளின் வேலை என்றும் தள்ள முடியவில்லை. மறுநாள் ஓய்வுப் படம் எடுத்தோம். அந்த இடம் நிரம்பிவிட்டது. மதிப்பெண் அடினோசினில் 3, ஓய்வில் 0. 68க்கு 3, அதாவது 4 சதவீதம் சொச்சம். ஈ.எஃப். 73. எக்கோவைவிட இன்னும் கூடுதல்தான், சின்ன இதயத்தில் 19 செ.மீ.யும் முழுத் தீர்வாகாது. ஆனால் 86 இல்லை.

இல்லாத நோய் மறைந்தது, இருக்கிற நோய் தெரிந்தது. முதல் படத்தை நம்பி ஆஞ்சியோ போயிருந்தால் தேவையில்லாமல் போயிருப்பார். முதல் படம் கையின் நிழல் என்று தூக்கிப்போட்டுவிட்டு, திரும்ப எடுக்காமல் விட்டிருந்தால், சர்க்கரையுள்ள ஒரு பெண்ணின் உண்மையான ரத்தக் குறைவு தெரியாமலே போயிருக்கும். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறுத்துகிறது. பிழையான படத்தைக் கண்டுபிடித்ததும் 'ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பிவிடுகிற ஆசை எங்கள் எல்லோருக்கும் வரும்.

சிகிச்சை

இதயத்தின் 10 சதவீதத்துக்கு மேல் ரத்தக் குறைவு இருந்தால் ஆஞ்சியோவைப் பற்றி யோசிப்பது நெடுநாள் வழக்கம். 2020இல் வெளியான இஸ்கெமியா ஆய்வில் 5,179 பேர் இருந்தார்கள், நடுத்தரம் முதல் கடுமையான ரத்தக் குறைவு உள்ள, நிலையான நோயாளிகள். அவர்களிடமே முதலிலேயே ஆஞ்சியோ செய்து அடைப்பை எடுப்பது, மருந்தோடு தொடங்குவதைவிட மரணத்தையோ மாரடைப்பையோ குறைக்கவில்லை. அக்காவுக்கு இருப்பது அதைவிடச் சின்னது. ஆகவே மருந்து: ஆஸ்பிரின், ஸ்டாட்டின், பீட்டா பிளாக்கர், சர்க்கரைக் கட்டுப்பாடு, இரும்புச்சத்து. இராமநாதபுரத்து மருத்துவரே பார்த்துக்கொள்கிறார்.

ஆறு மாதம் கழித்து வந்தபோது ஹீமோகுளோபின் 11.6. மூச்சு வாங்குவது பெரிதும் குறைந்திருக்கிறது. அதில் இரும்புச்சத்துக்கு எவ்வளவு பங்கு, இதய மருந்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. ஆழத்துக்குப் போகவேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். இப்போது இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எடுப்பதோடு சரி, மூட்டையை மகள் ஏற்றுகிறார். தீவுப் பக்கம் போகாதது அவருக்குப் பெரிய குறை. அதை மறைக்காமல் சொன்னார்.

எங்கள் அறையில் இப்போது ஒவ்வொரு இதயப் படத்தோடும் ஆரம் எத்தனை செ.மீ., கை எங்கே இருந்தது என்று எழுதித்தான் மருத்துவரிடம் கொடுக்கிறோம். 22க்கு மேல் போனால் ஏன் என்று எழுத வேண்டும். மூலப் படத்தை ஓட்டிப் பார்க்காமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதில்லை. அக்காவுக்கு இப்போதைக்கு மறு ஸ்கேன் தேவையில்லை. ஸ்பாஞ்சுத் தாங்கி அலமாரியில் இருக்கிறது. அறிகுறி மாறி எப்போதாவது எடுக்க வேண்டி வந்தால், நான் இல்லாவிட்டாலும் தெரியட்டும் என்று அவருடைய ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: இடது கை தாங்கியில், 19 செ.மீ., 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.